ஆற்றுக்குத் திரும்பக் கிடைத்த படுகை

மதியம் மூன்று மணிக்குப் பிடித்த மழை நாலேகாலுக்கு விட்டது. சிங்கப்பூரில் மழை விட்டதும் ஆட்கள் குடையை மடக்கிக்கொண்டு எம்ஆர்டி நிலையத்தைப் பார்த்து நடப்பார்கள். பீஷான் - அங் மோ கியோ பூங்காவை ஒட்டிய அடுக்குமாடி புளோக்குகளில் குடியிருப்பவர்களில் சிலர் மட்டும் எதிர்த்திசையில், பூங்காவின் பாலத்துக்கு வருவார்கள். நானும் அப்படிப் பலமுறை வந்து நின்றிருக்கிறேன்.

காலையில் பார்த்தபோது அது ஓர் ஓடை. கணுக்கால் அளவுத் தண்ணீர். நடுவில் போட்டிருக்கும் கற்களில் கால் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அக்கரைக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தக் கற்களைக் காணவில்லை. கலங்கல் தண்ணீர் புல்வெளியில் ஏறி, நாணல் புதர்களை வளைத்து, கரையோர மரங்களின் அடியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. காலையில் ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் ஆறு போகிறது.

முதல்முறை பார்ப்பவருக்கு, பூங்கா மூழ்கிவிட்டதே என்று பதைக்கும். அந்தப் புல்வெளி மூழ்குவதற்கென்றே போட்டது. மறுநாள் காலை வந்தால் ஓடை பழைய இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புல்லில் கொஞ்சம் வண்டல், புதர்களின் இடுப்பில் சிக்கிய சருகு. நேற்று தண்ணீர் எதுவரை வந்தது என்பதை அந்தச் சருகுதான் சொல்லும்.

இந்த ஏற்பாட்டுக்கு நீரியல் வல்லுநர்கள் நீளமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு ஒரே சொல் போதும்: படுகை. ஆற்றின் ஓடுகாலுக்கும் மேட்டுக்கரைக்கும் நடுவில் கிடக்கும் தாழ்ந்த நிலம். கொள்ளிடத்துப் படுகையில் வாழை போடுவார்கள், காய்கறி போடுவார்கள், ஓரத்தில் மூங்கிலும் நாணலும் மண்டிக் கிடக்கும். வெள்ளம் வந்தால் அது ஆற்றுக்கு. வடிந்தால் மனிதருக்கு. அங்கே யாரும் கல்வீடு கட்டத் துணியமாட்டார்கள். அந்த நிலத்துக்கு ஆறுதான் மூத்த பங்காளி என்பது எல்லோருக்கும் தெரியும்.

நகரங்கள் முதலில் விழுங்குவது படுகையைத்தான். சிங்கப்பூரும் விழுங்கியது. பிறகு ஓர் இடத்தில், ஒரு வட்டாரப் பூங்காவுக்குள், அதைத் திருப்பிக் கொடுத்தது. நீடித்து நிற்கும் பூங்கா என்று சொன்னதும் சூரிய மின்விளக்கும் மூன்று நிறக் குப்பைத் தொட்டியும் நினைவுக்கு வருகிற காலம் இது. அவையும் வேண்டும்தான். ஆனால் ஒரு பூங்கா தன் ஊருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம், தண்ணீருக்கு இடம் கொடுப்பது. பீஷானில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக நான் கண்டது அதைத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு

காலாங் சிங்கப்பூரின் நீளமான ஆறு. நீளம் என்றால் 10 கிலோமீட்டர்தான். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து இறங்கி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நகரங்களின் ஊடே தெற்கே ஓடி, மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. தமிழ்நாட்டுக் கணக்கில் இது ஒரு வாய்க்கால்கூட இல்லை. ஆனால் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவு இது. ஒரு மணி நேரத்தில் வானம் கொட்டித் தீர்த்துவிடும். இந்தச் சிறிய ஆறு அரை மணியில் பெருகும், அரை மணியில் வடியும்.

1978 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு முன்பும் இப்படி வந்த வெள்ளங்களைக் கண்டு அஞ்சிய ஊர் என்ன செய்யும்? தண்ணீரை எவ்வளவு விரைவாகக் கடலுக்குத் தள்ள முடியுமோ அவ்வளவு விரைவாகத் தள்ளப் பார்க்கும். 1960-களிலும் 70-களிலும் சிங்கப்பூரின் ஓடைகளையும் ஆறுகளையும் நேராக்கி, அடியிலும் பக்கத்திலும் கான்கிரீட் பூசியதற்கு அதுதான் காரணம். அந்தக் காலத்துக்கு அது தேவையாகவும் இருந்தது. தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் குறைந்தது. அந்தப் பொறியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த வேலையில் ஆறு என்பது லோங்காங் ஆகிவிட்டது. சாக்கடைக்கும் வடிகாலுக்கும் இந்த ஊரில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் பொதுவாகச் சொல்லும் சொல் அது. லோங்காங் பக்கம் போகாதே என்பது ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த எச்சரிக்கை. எச்சரித்தது நியாயம்தான். செங்குத்தான சுவர், வழுக்கும் தரை. மழை பெய்தால் தண்ணீர் அம்பாய் வரும், உள்ளே விழுந்தவன் ஏறுவதற்குப் பிடிமானம் கிடையாது.

பீஷான் என்ற பெயரே ஓர் இடுகாட்டிலிருந்து வந்தது. 1870-இல் கான்டனீஸ் சமூகத்தார் தொடங்கிய பெக் சான் தெங் இடுகாடு இங்கே பரந்து கிடந்தது. கல்லறைகளைத் தோண்டி எடுத்துவிட்டு 1980-களில் புதிய வீவக நகரத்தை எழுப்பினார்கள். அதற்கு வடக்கே அங் மோ கியோ. இது ஹொக்கியன் பெயர். வெள்ளைக்காரன் பாலம் என்று சிலர் பொருள் சொல்வார்கள், தக்காளி என்று சிலர் சொல்வார்கள். இரண்டு நகரங்களுக்கும் நடுவில் 1988-இல் பூங்கா வந்தது. அதன் ஓரமாகவே, 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு, காலாங் ஆறு கான்கிரீட் தொட்டிக்குள் நேர்கோடாக ஓடியது. பூங்காவுக்கும் ஆற்றுக்கும் நடுவே வேலி.

அந்த வேலியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் புல், மரம், நடைபாதை எல்லாம் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. அந்தப் பக்கம் தண்ணீர், பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. பூங்காக்காரர்களின் வரைபடத்தில் ஆறு ஓர் எல்லைக்கோடு. வடிகால்காரர்களின் வரைபடத்தில் பூங்கா ஒரு வெற்றிடம். இரண்டு தரப்பும் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்தன. நம் ஊர்களிலும் ஏரி ஒரு துறைக்கு, கரை ஒரு துறைக்கு, கரைமேல் சாலை மற்றொரு துறைக்கு என்று பிரிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு அலுவலகம், ஒரே வரைபடம்

2006-இல் பொதுப் பயனீட்டுக் கழகம் ஒரு திட்டம் அறிவித்தது. துடிப்பான, அழகிய, தூய்மையான நீர்நிலைகள் என்பது அதன் பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை வைத்து ஏபிசி திட்டம் என்றே வழங்குகிறது. வடிகால்களையும் நீர்த்தேக்கங்களையும் மக்கள் நெருங்கி வாழும் இடங்களாக மாற்றுவது நோக்கம். 100-க்கும் மேற்பட்ட இடங்களை அதற்காகக் குறித்தார்கள்.

இதற்குப் பின்னால் அழகு மட்டும் இல்லை, தாகமும் இருக்கிறது. சிங்கப்பூருக்குச் சொந்தமான பெரிய நீர்வளம் வானம்தான். மலேசியாவின் ஜோகூரிலிருந்து குழாயில் வரும் தண்ணீரை மட்டும் நம்பி இருக்க முடியாத நாடு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழையைச் சேகரித்து நீர்த்தேக்கங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். 2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபின், காலாங் ஆறு போய்ச் சேரும் இடமும் குடிநீர்த் தேக்கமாகிவிட்டது. அதாவது பீஷானில் ஒருவர் வீசும் குப்பை, கடைசியில் அவர் வீட்டுக் குழாயை நோக்கித்தான் பயணம் செய்கிறது. இதை வடிகால் என்று நினைக்கும்வரை மக்கள் வீசிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆறு என்று கண்ணால் கண்டால் கை கொஞ்சம் தயங்கும்.

நல்வாய்ப்பாக இரண்டு தேவைகள் ஒரே நேரத்தில் வந்தன. கான்கிரீட் கால்வாய் பழையதாகி, கூடுதல் தண்ணீர் கொள்ளும்படி மாற்ற வேண்டியிருந்தது. பூங்காவும் இருபது வயதாகிப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தனித்தனியே செய்திருந்தால் இன்னும் அகலமான ஒரு கான்கிரீட் தொட்டியும், இன்னும் உயரமான ஒரு வேலியும் கிடைத்திருக்கும். இரு கழகங்களும் சேர்ந்து உட்கார்ந்தன. ஜெர்மானிய நிலவடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்லின் நிறுவனம் வடிவமைத்தது. 2009-இல் வேலை தொடங்கியது. 2012 மார்ச் 17 அன்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் திறந்துவைத்தார். செலவு ஏறக்குறைய 7.6 கோடி சிங்கப்பூர் வெள்ளி.

வேலியை எடுத்தார்கள். கான்கிரீட்டை உடைத்தார்கள். நேராக ஓடிய ஆற்றைப் பூங்காவின் உள்ளே இழுத்து, வளைத்து, நெளிய விட்டார்கள். 2.7 கிலோமீட்டர் கால்வாய் 3 கிலோமீட்டருக்கும் சற்று மேற்பட்ட ஆறானது. 62 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 153 ஏக்கர் பூங்காவும் ஆறும் ஒரே நிலமாயின.

கணக்கையும் பார்க்கலாம். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். எவ்வளவு மழை பெய்தாலும் அந்தச் சுவர்களுக்குள்தான் அடங்க வேண்டும். இப்போது வெள்ளக் காலத்தில் ஆறு 100 மீட்டர் அகலம் வரை விரிந்துகொள்ளலாம். தண்ணீர் கடத்தும் திறன் சுமார் 40 விழுக்காடு கூடியது. சுவரை உயர்த்தாமல், சுவரை எடுத்ததால் கூடியது. இதை நான் முதலில் படித்தபோது இரண்டு முறை திரும்பப் படித்தேன். பிறகு படுகையை நினைத்துக்கொண்டதும் புரிந்தது. கொள்ளிடம் அத்தனை வெள்ளத்தைத் தாங்குவதும் தன் அகலத்தால்தானே.

வேர் பிடித்த கரை

கான்கிரீட் இல்லாத கரை எப்படி நிற்கும்? பொறியாளர்கள் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருந்திருக்கும். ஆற்றின் வளைவில் வெளிப்பக்கக் கரையைத் தண்ணீர் அரிக்கும், உட்பக்கத்தில் மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும். ஒவ்வொரு மழையிலும் கரை கொஞ்சம் கரையும். இங்கே மழையோ சாதாரண மழை இல்லை.

ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒரு வழி உண்டு. உயிருள்ள குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கரையில் புதைப்பார்கள். அவை வேர் விட்டு மண்ணை இறுக்கிக்கொள்ளும். நம் பக்கத்திலும் இந்த அறிவு இல்லாமல் இல்லை. ஆற்றில் உடைப்பு எடுத்தால் கழிகளை வரிசையாக அடித்து, கீற்றும் வைக்கோலும் மணல் மூட்டையும் கொடுத்து அடைத்த ஊர்கள் நம்முடையவை. கரையில் நாணலையும் மூங்கிலையும் வளரவிட்டதும் இதற்காகத்தான். ஆனால் வெப்பமண்டல நகரம் ஒன்றில் இந்த அளவுக்கு இதைச் செய்து பார்த்தவர்கள் இல்லை. எந்தச் செடி தாங்கும், எது அழுகும், எந்தக் கட்டு எவ்வளவு வேகத்துக்கு நிற்கும் என்று சொல்லப் புத்தகம் கிடையாது.

அதனால் பூங்காவிலேயே ஒரு சிறிய வடிகாலை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 60 மீட்டர் நீளத்தில், பத்து விதமான கரைகளைக் கட்டிப் பார்த்தார்கள். கம்பிவலைக்குள் கல் அடுக்கி இடுக்கில் செடி வைத்தது ஒன்று. கற்களைப் பரப்பி நடுவே குச்சி நட்டது ஒன்று. மக்கக்கூடிய துணியில் மண்ணைச் சுற்றிப் படிப்படியாக அடுக்கியது ஒன்று. கோரையையும் நாணலையும் உருளையாகச் சுருட்டி நீரோரம் வைத்தது ஒன்று. மழை வந்து ஒவ்வொன்றையும் சோதித்தது. தேறியவற்றில் ஏழு முறைகளைப் பெரிய ஆற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் வேகமாக மோதும் வளைவுகளில் கல் மிகுந்த முறை, சாந்தமான இடங்களில் செடி மிகுந்த முறை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விஷயம். கான்கிரீட் இறுகி முடிந்த நாளில்தான் முழு வலுவோடு இருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் கிழடுதான். வேர்க்கரை போட்ட நாளில் மிகவும் பலவீனமானது. ஒவ்வொரு பருவத்துக்கும் வேர் இறங்க இறங்க அது உறுதிப்படும். இரண்டிலும் பராமரிப்பு உண்டு. ஆனால் ஒன்றில் பராமரிப்பு என்பது விரிசலை அடைப்பது, இன்னொன்றில் வளர்வதைக் கத்தரிப்பது.

உடைத்த கான்கிரீட்டை என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு பகுதியை லாரியில் ஏற்றி எங்கோ கொட்டாமல், பூங்காவிலேயே குவித்து ஒரு மேடாக்கினார்கள். ரீசைக்கிள் ஹில் என்று பெயர். பழைய கால்வாயின் பலகைகள் வெளியே தெரியும்படியே அடுக்கியிருக்கிறார்கள். அதன்மேல் ஏறி நின்றால் ஆறு முழுவதும் நெளிந்து போவது தெரியும். எந்தக் கான்கிரீட் அந்த ஆற்றை நேராக அடைத்து வைத்திருந்ததோ, அதன்மேல் நின்றே அதன் வளைவுகளைப் பார்க்கிறோம். அந்த மேட்டில் சாயங்காலக் காற்று நன்றாக வரும்.

சாக்கடைத் தண்ணீரில் அல்ல, ஆற்றுத் தண்ணீரில்

பூங்காவில் படிக்கட்டு வயல் மாதிரி அடுக்கடுக்காகச் செடித் தொட்டிகள் இருக்கின்றன. பார்ப்பதற்கு மலர்த்தோட்டம். உண்மையில் அது ஒரு சுத்திகரிப்பு நிலையம். தண்ணீரை ஏற்றி அந்தத் தொட்டிகளில் விடுகிறார்கள். கல்லும் மணலும் அழுக்கை வடிக்கின்றன. வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்கின்றன. நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் செடிகள் உரமாக எடுத்துக்கொள்கின்றன. வேதிப்பொருள் எதுவும் போடுவதில்லை. நீர்நிலையில் பச்சைப் பாசி படர்வதற்குக் காரணமான அதே சத்துகள் இங்கே பூவாக நிற்கின்றன.

இப்படித் தெளிந்த தண்ணீரின் ஒரு பகுதியைப் புற ஊதாக் கதிர் வழியே அனுப்பி, பிள்ளைகள் விளையாடும் நீர்த்திடலுக்குக் கொடுக்கிறார்கள். வார இறுதியில் அங்கே போனால் நான்கு மொழிகளிலும் கூச்சல் கேட்கும். தமிழிலும் கேட்கும். லோங்காங் பக்கம் போகாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள், தாத்தா பாட்டிகளாகக் கரையில் துண்டோடு நிற்கிறார்கள். அவர்கள் அஞ்சிய தண்ணீரில் பேரப் பிள்ளைகள் நனைந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பொதுத்துறைத் திட்டத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது.

வேலி இல்லாத ஆற்றில் பாதுகாப்பு என்ன ஆகும்? சுவர் வழியே விழுந்தால்தான் ஆபத்து. இங்கே சரிவு மெதுவாக இறங்குகிறது. தண்ணீர் ஏறும்போது நடந்தே மேட்டுக்கு வந்துவிடலாம். அதற்கு மேலும், நீர்மட்டத்தை அளக்கும் உணர்கருவிகள் இருக்கின்றன. மட்டம் ஏறினால் விளக்கு மின்னும், சங்கு ஊதும், ஒலிபெருக்கி எச்சரிக்கும். வெள்ளம் எதுவரை வரும் என்பதைச் சிவப்பு அடையாளங்கள் காட்டுகின்றன. ஆற்றோரமாக மிதவை வளையங்கள் வைத்திருக்கிறார்கள். வேலியின் இடத்தை அறிவிப்புகளும் மக்களின் கவனமும் எடுத்துக்கொண்டன. ஆற்றோடு பழகாத நகரத்துப் பிள்ளைக்கு ஆறு என்ன செய்யும் என்று கற்றுக்கொடுக்கும் இடமாகவும் இது இருக்கிறது.

திரும்பி வந்தவர்கள்

2014 வாக்கில் பீஷானில் ஒரு குடும்பம் குடியேறியது. காலையில் ஆற்றில் மீன் பிடித்துத் தின்றுவிட்டு, கரையில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொண்டு, வரிசையாக ஓடும் நீர்நாய்க் குடும்பம்.

நீர்நாய் தமிழுக்குப் புதிய விலங்கு இல்லை. வாளை மீனைக் கவ்வும் நீர்நாய் சங்கப் பாடல்களிலேயே நீந்துகிறது. காவிரியில் இன்றும் வாழும் அதே இனம்தான் பீஷானுக்கும் வந்தது. சிங்கப்பூரில் ஆறுகள் மாசுபட்ட காலத்தில், 1970-களுக்குள் இவை இல்லாமற்போயின. 1977-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்த சிங்கப்பூர் ஆறு, காலாங் வடிநிலத் தூய்மைப் பணிக்குப் பிறகு தண்ணீர் தேறியது. 1990-களின் கடைசியில் வடக்கே சுங்கை புலோவில் நீர்நாய்கள் மீண்டும் தென்பட்டன. அங்கிருந்து ஊருக்குள் பரவிய இனத்தில் பீஷான் குடும்பம்தான் நாட்டின் செல்லமானது. காலை ஓட்டத்துக்கு வருபவர்கள் நின்று பார்த்தார்கள். புகைப்படக்காரர்கள் விடியலுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். மரினா பக்கம் இருந்த இன்னொரு நீர்நாய்க் கூட்டத்தோடு எல்லைச் சண்டை போட்ட செய்திகூட நாளிதழ்களில் வந்தது. 2016-இல், நாட்டின் 51-வது பிறந்தநாளுக்கு அடையாளச் சின்னமாக எதைச் சொல்லலாம் என்று ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் கேட்டபோது, வாசகர்கள் நீர்நாயைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நீர்நாய்க்காக யாரும் இந்த ஆற்றை மாற்றவில்லை. யாரும் கொண்டுவந்து விடவும் இல்லை. மீன் இருந்தது, ஏறி இறங்கச் சரிவான கரை இருந்தது, வந்தது. செங்குத்துச் சுவரில் நீர்நாய் எங்கே குளிர்காயும்? பூங்காவில் உயிரினங்களின் வகை சுமார் 30 விழுக்காடு பெருகியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 66 வகைக் காட்டுப்பூக்கள், 59 வகைப் பறவைகள், 22 வகைத் தும்பிகள். இவற்றில் எனக்குத் தும்பிதான் முக்கியம். அதன் இளம்பருவம் முழுவதும் தண்ணீருக்குள் கழிகிறது. நீர் கெட்டால் முதலில் மறையும் உயிர்களில் அதுவும் ஒன்று. நாணல் நுனியில் ஒரு செந்தும்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், ஆய்வகத்துக்குப் போகாமலே தண்ணீரின் நலம் பாதி தெரிந்துவிடும்.

சொல்ல வேண்டிய குறைகள்

இந்தப் பூங்கா பல விருதுகள் வாங்கியது. 2012-இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த நிலவடிவமைப்பு என்ற விருதும் அதில் ஒன்று. அந்தப் புகழுரைகளில் சில விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன.

இது முழு ஆறு இல்லை. பூங்காவுக்கு மேலேயும் கீழேயும் காலாங் ஆறு பெரும்பாலும் கான்கிரீட்டுக்குள்தான் ஓடுகிறது. நெளிந்து வந்த தண்ணீர் பூங்காவின் வாசலைத் தாண்டியதும் மறுபடி நேர்கோட்டில் விழுகிறது. அந்த இடத்தில் நின்று பார்த்தால் மனம் கனக்கும். 2017-இல் காலாங் ஆற்றின் முழு நீளத்தையும் மக்கள் நடந்து, சைக்கிளில் போகக்கூடிய ஒரே தடமாக்கும் யோசனைகளை நகரச் சீரமைப்பு ஆணையம் மக்கள் முன் வைத்தது. மீதியையும் உடைத்து விடுவித்தால் மட்டுமே பீஷானில் செய்தது முழுமையாகும் என்பது என் கருத்து. இடம் இல்லை என்பார்கள். உண்மைதான், 153 ஏக்கர் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் ஒரு பக்கச் சுவரையாவது சரிவாக்க முடிகிற இடங்கள் உண்டு.

மக்களும் இன்னும் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டில் வளர்த்துச் சலித்த மீனையும் ஆமையையும் புண்ணியம் என்று ஆற்றில் விடுகிறார்கள். விசாக நாள் பக்கம் வந்தால் தேசியப் பூங்காக் கழகம் இதைச் செய்யாதீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்கிறது. வளர்ப்பு மீன் பெரும்பாலும் ஆற்றில் பிழைக்காது. பிழைப்பது, ஆற்றின் சொந்த மீனைத் தின்னும். புண்ணியம் இரண்டு பக்கமும் போய்விடுகிறது. ரொட்டித் துண்டை எறிந்து பறவையைக் கூப்பிடுவதும், நீர்நாயை நெருங்கிப் படம் பிடிக்க அதன் குட்டிகளுக்கு நடுவே போவதும் இன்னும் நின்றபாடில்லை.

பிறகு, கைகள். விருதுக் குறிப்புகளில் வராத கைகள். தன்போக்கில் வளர்வதுபோல் தெரியும் கரையை, யாரோ கத்தரித்து, களை எடுத்து, வெள்ளத்துக்குப் பின் சிக்கிய பிளாஸ்டிக்கைப் பொறுக்கித்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். நீளக்கைச் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாகப் புல்வெட்டும் குழுவினர் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் நடந்தால், வங்காளமும் கேட்கும், நம் ஊர்த் தமிழும் கேட்கும். நீடித்து நிற்கும் பூங்கா என்றால் அவர்களுக்கும் நிழலும் ஓய்வும் நியாயமான கூலியும் நீடித்துக் கிடைக்க வேண்டும். இதைப் பூங்கா பற்றிய கட்டுரையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

அடையாற்றை நினைத்து

பீஷான் பாலத்தில் நிற்கும்போது எனக்குச் சென்னையின் அடையாறு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஆறு கேட்டதும் படுகையைத்தான். கொடுக்க இடம் இல்லாததால் வீடுகளுக்குள் எடுத்துக்கொண்டது.

சென்னைக்குச் சொந்தப் பாடம் ஒன்று உண்டு. அடையாற்றுக் கழிமுகத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரை மீட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். இடிபாட்டை அள்ளி, நீர்ப்பரப்பை மீட்டு, அந்த மண்ணுக்கே உரிய மரங்களையும் அலையாத்திச் செடிகளையும் வைத்தார்கள். அண்மையில் மாநகராட்சி மழைநீர் உறிஞ்சும் பூங்காக்களை அமைத்து வருகிறது. பூங்காவின் நடுவே குளம் வெட்டி, தெருத் தண்ணீரை அதற்குள் விட்டு, நிலத்தில் இறக்கும் ஏற்பாடு. பெயர் புதிது, செய்கை பழையது. கோயிலுக்குக் குளம், ஊருக்குத் தாங்கல் என்று வைத்தவர்கள் நாம்.

சிங்கப்பூரைப் போல் சென்னையை மாற்றுவோம் என்று யாராவது சொன்னால் நான் ஒதுங்கிவிடுவேன். மண் வேறு, பணம் வேறு, ஆற்றோரம் வாழும் மக்களின் நிலை வேறு. ஆற்றை மீட்கிறோம் என்று ஏழைகளை மட்டும் ஊருக்கு வெளியே தூக்கி எறிவதை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். படுகையை மறித்து எழுந்த பெரிய கட்டடங்கள் அப்படியே நின்றன. அந்த வழியில் வரும் பூங்கா எனக்கு வேண்டாம். பீஷானிலிருந்து எடுத்துப்போக வேண்டியது அந்த இரண்டு கழகங்களும் ஒரே மேசையில் விரித்த அந்த ஒரே வரைபடத்தைத்தான். அதற்கு ஏழு கோடி வெள்ளி தேவையில்லை. ஒரு மாநகராட்சிப் பூங்காவின் கான்கிரீட் நடைபாதையைப் பெயர்த்து மண்ணைத் திறக்கவும், அடுத்த தெருவின் மழைநீர் வடிகாலை அந்தப் பூங்காவின் பள்ளத்துக்குத் திருப்பவும், அந்தப் பள்ளத்தில் நாணலும் கோரையும் வளர விடவும், பூங்காப் பிரிவும் வடிகால் பிரிவும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்தால் போதும்.

இன்று காலை மறுபடி பூங்காவுக்குப் போனேன். நேற்றைய மழையின் சருகு, கரையோரப் புதரில் என் முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கற்கள் வெளியே வந்திருந்தன. அவற்றில் ஒன்றில் ஒரு கொக்கு நின்றது. நடைபாதையில் படிந்த வண்டலை ஒருவர் நீளத் துடைப்பத்தால் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டிய மண்ணை அள்ளிக்கொண்டு போகவில்லை. மறுபடி புல்லின் மேலேயே தூவிவிட்டார்.